பாட்டியின் சமையல் நோட்டை வாசிப்பது எப்படி?

மதுரைப் பக்கம் பழைய வீடுகளில் பரணைக் காலி செய்தால் அட்டை கிழிந்த நோட்டு ஒன்று அகப்படுவது வழக்கம். முன்பக்கம் பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் இருக்கும். திருப்பிப் பிடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்தால் சமையல் குறிப்பு. "புளி எலுமிச்சங்காய் அளவு. உப்பு திட்டமாக. பதம் வந்ததும் இறக்கவும்." படிக்கிற பேத்திக்கு எரிச்சல் வரும். எந்த எலுமிச்சங்காய்? எது திட்டம்? என்ன பதம்? நோட்டை மூடிவிட்டு யூடியூபைத் திறப்பாள்.

கொஞ்சம் பொறுக்கலாம். அந்தக் காலத்துப் பெண்கள் எழுதிவைத்த சமையல் குறிப்புகளுக்கு என்று ஒரு மொழிநடை உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது, வினைச்சொல்லை எப்படி முடிப்பது, அளவை எப்படிக் காட்டுவது எல்லாவற்றுக்கும் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முக்கியமாக ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எழுதியவள், ஏற்கெனவே சமைக்கத் தெரிந்த இன்னொருத்தியை எதிரில் நிறுத்திக்கொண்டுதான் எழுதினாள். விட்டுப்போனது போலத் தெரிகிற பாதி விஷயம் அதனால்தான் விடப்பட்டிருக்கிறது.

எது நோட்டில் ஏறியது?

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 8.86 சதவீதம். நூறு பேரில் ஒன்பது பேர்கூட இல்லை. அதே 1951-இல்தான் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. இன்றைக்கும் மறுபதிப்பாகி விற்கிற புத்தகம் அது. உறவுக்காரப் பெண்கள் அதை எப்படிச் செய்வது, இதை எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் பிறந்த புத்தகம் என்பார்கள். இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுதிவைத்த குறிப்பு எந்த மாதிரி வீடுகளிலிருந்து வந்திருக்கும் என்பது விளங்கிவிடும். பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடிந்த வீடுகள். உசிலம்பட்டிப் பக்கம் கம்பு இடித்துக் கூழ் காய்ச்சியவளின் கைமுறை எந்த நோட்டிலும் ஏறவில்லை. அது அவள் மகளுக்கு அடுப்படியில் வாயால் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். ஆகவே நாலு பழைய நோட்டைப் பார்த்துவிட்டு 'மதுரைச் சமையல் இப்படித்தான் இருந்தது' என்று யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன்.

எழுதத் தெரிந்த வீட்டிலும் எல்லாம் எழுதப்படவில்லை. கேப்பைக் களிக்குக் குறிப்பு தேடினால் கிடைக்காது. தினம் கிண்டுகிற களிக்கு யார் குறிப்பு எழுதுவார்கள்? வருஷத்துக்கு ஒருமுறை சுடுகிற அதிரசம், மாங்காய்க் காலத்தில் மட்டும் போடுகிற ஊறுகாய், யாரோ வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டுப் பிடித்துப்போன அல்வா, பிள்ளை பெற்றவளுக்குக் கிளறுகிற மருந்து, புதுசாகக் கேள்விப்பட்ட கேக்கு. மறந்துபோகும் என்ற பயம் எதற்கு இருந்ததோ அது எழுதப்பட்டது. சோறு வடிப்பது, ரசம் வைப்பது போன்றவை நோட்டில் இல்லையென்றால் அந்த வீட்டில் அவை இல்லை என்று அர்த்தமில்லை. தினமும் நடந்தன என்றுதான் அர்த்தம்.

ஒரு குறிப்பை எடுத்துப் படிப்போம்

கீழே இருப்பது எந்த வீட்டு நோட்டிலிருந்தும் எடுத்ததில்லை. இப்படிப்பட்ட குறிப்புகள் எப்படி இருக்கும் என்று காட்ட மாதிரிக்கு நானே எழுதியது.

"அதிரசம். சிம்மக்கல் அத்தை சொன்னது. ஊறவைத்து இடித்த மாவு ஒரு படி. வெல்லம் அரை வீசை, பாகு வெல்லமாகப் பார்த்து வாங்கணும். பாகு உருட்டுப் பதம் வந்ததும் இறக்கி, ஏலம் சுக்கு தட்டிப் போட்டு, மாவைக் கொட்டிக் கட்டிதட்டாமல் கிளறி மூடிவைக்கவும். இரண்டு நாள் கழித்துத் தட்டிச் சுடவும். தீ நிதானம். முதல் ஈடு பார்த்துக்கொண்டு அப்புறம் மாவு வேணுமானால் சேர்."

இவ்வளவுதான். இப்போது மெதுவாகப் போவோம்.

"சிம்மக்கல் அத்தை சொன்னது." தலைப்புக்கு அடுத்து ஆள் வருகிறது. பெயர் எழுதாமல் உறவும் ஊரும், சில சமயம் தெருவும் மட்டும் எழுதுவார்கள்: மேலூர்ச் சித்தி முறுக்கு, மேலமாசி வீதிப் பெரியம்மா வத்தக்குழம்பு. இது வெறும் நன்றியறிதல் இல்லை. இந்தக் குறிப்பை நம்பலாம், சொன்னவள் கைக்காரி என்ற சாட்சியும் இதில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்ற விலாசமும் இருக்கிறது. ஒரு நோட்டில் வருகிற இந்த ஊர்ப்பெயர்களை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தால் அந்த வீட்டுப் பெண்கள் எந்த ஊரிலிருந்து வாழ வந்தார்கள், எந்த ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டார்கள் என்று தெரிந்துவிடும். சொத்துப் பத்திரத்தில் வராத குடும்ப வரலாறு இதில் வரும்.

"ஊறவைத்து இடித்த மாவு ஒரு படி." எனக்கு இந்த மொழியில் ரொம்பப் பிடித்த இடம் இது. பார்க்கிறதற்கு ஒரு சாமானின் பெயர் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் 'இடித்த' என்கிற பெயரெச்சத்துக்குள் ஒரு நாள் வேலை ஒளிந்திருக்கிறது. பச்சரிசியைக் களைந்து ஊறவைக்க வேண்டும். வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்ப வேண்டும். முழுக்கக் காயவிடவும் கூடாது, தண்ணீர் சொட்டவும் கூடாது. தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பருவத்தில் அள்ளி உரலில் போட்டு இடித்து, சலித்து, மேலே நின்ற குருணையை மறுபடி இடிக்க வேண்டும். மாவில் அந்த ஈரம் இல்லாவிட்டால் அதிரசம் கல்லாகப் போகும். இன்றைய குறிப்பில் இதுவே ஐந்தாறு வரியாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண்ணோடு வரும். பழைய குறிப்பில் அது 'மாவு' என்ற பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்ட ஒரு அடைமொழி. பழைய குறிப்பு எதைப் படித்தாலும் சாமான்களுக்கு முன்னால் இருக்கும் இந்தச் சொற்களை முதலில் பாருங்கள். வறுத்த, தோல்நீக்கிய, வடிகட்டிய, புடைத்த. வேலையில் பாதி அங்கேதான் இருக்கும்.

"பாகு வெல்லமாகப் பார்த்து வாங்கணும்." எல்லா வெல்லமும் பாகு வராது. கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பதும் குறிப்பின் பகுதிதான்.

"உருட்டுப் பதம் வந்ததும்." நிமிஷக் கணக்கு கிடையாது. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் உருண்டு வர வேண்டும். இந்தச் சோதனையை எழுத அவளுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

"கட்டிதட்டாமல் கிளறி." இந்த 'ஆமல்' கவனிக்க வேண்டியது. கருகாமல் வறுத்து, அடிபிடிக்காமல் துழாவி, நீர்க்காமல் கரைத்து. தப்பு எங்கே நடக்குமோ அங்கே மட்டும்தான் இந்த எதிர்மறை வரும். ஒரு குறிப்பில் 'ஆமல்' வருகிற இடங்களைக் கோடிட்டால், அந்தப் பலகாரம் எங்கெல்லாம் கெடும் என்ற பட்டியல் தானாகக் கிடைக்கும்.

"தீ நிதானம்." வினையே இல்லாத வாக்கியம். விறகடுப்பில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் கிடையாது. கட்டையை உள்ளே தள்ள வேண்டும், வெளியே இழுக்க வேண்டும், தணலைக் கிளற வேண்டும். அதையெல்லாம் விவரிக்காமல் தீ எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டாள்.

கடைசி வரிதான் ரொம்ப அழகு. அதுவரை 'வைக்கவும்', 'சுடவும்' என்று மரியாதையாக வந்தவள், திடீரென்று "வேணுமானால் சேர்" என்கிறாள். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு அதிலுள்ள அறிவைப் பாருங்கள். வெல்லம் வாங்கும் கடைக்குக் கடை மாறும், மாவின் ஈரம் நாளுக்கு நாள் மாறும். அதனால் எவ்வளவு கச்சிதமாக அளந்தாலும் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். முதல் ஈட்டைச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டு, எண்ணெயில் பிரிந்துபோனால் மாவைக் கூட்டு என்று திருத்தும் வழியையே குறிப்பாக எழுதிவிட்டாள்.

எழுதாமல் விட்டதும் இருக்கிறது. எவ்வளவு எண்ணெய்? இலையில் தட்டுவதா, துணியிலா? வெந்ததை எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிய வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை? படிக்கப்போகிறவள் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைப் பார்த்து வளர்ந்தவள். அதனால் சொல்லவில்லை. பாட்டிமார்கள் வேண்டுமென்றே ஒரு சாமானை மறைத்து எழுதுவார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மறைத்ததாக நாம் நினைக்கிற பெரும்பாலானவை, சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றாதவை. அயிரைமீன் குழம்புக் குறிப்பில் 'மீனை அலசி' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். உயிரோடிருக்கும் அயிரையைப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு மண்ணைக் கக்கவைப்பது, சட்டியில் கல் உப்புப் போட்டு உரசுவது எல்லாம் அந்த 'அலசி'க்குள் அடக்கம். வைகைக் கரையில் பிறந்தவளுக்கு அது போதும். சென்னையில் பிறந்த பேத்திக்குப் போதாது.

கைக்கு ஒரு மொழி, நூலுக்கு ஒரு மொழி

கை அறிந்தது ஒரு பக்கம், நூலில் இருப்பது ஒரு பக்கம் என்ற பிரிவு இன்று நேற்று வந்ததில்லை. சங்கநூலான சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்ற மன்னன் கொடுக்கும் விருந்தைச் சொல்லும்போது, 'பனுவலின் வழாஅப் பல்வேறு அடிசில்' என்று வருகிறது. வீமன் செய்த சமையல் நூலிலிருந்து பிசகாமல் ஆக்கிய சோறு என்று பொருள். நளபாகம், பீமபாகம் என்று நாம் இன்றும் சொல்வதில் வருகிற இரண்டு பேரும் ஆண்கள். நூல் அவர்கள் பெயரில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். மதுரைப் புறத்தில் ஆயர் சேரி. அடைக்கலம் தந்த இடைச்சி மாதரி கொடுத்த பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி எல்லாம் கண்ணகி முன்னால் இருக்கின்றன. விரல் சிவக்கக் காய் அரிகிறாள், முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் அடுப்பு மூட்டித் தருகிறாள். 'கையறி மடைமையின் காதலற்கு ஆக்கி' என்கிறார் இளங்கோவடிகள். மடைமை என்றால் சமையல் திறம். கண்ணகிக்கு நூல் இல்லை. அவள் கை அறிந்ததைக் கொண்டு ஆக்குகிறாள். இதை எழுதியவர் ஓர் ஆண் என்பது உண்மைதான். ஆனாலும் பெண்களின் சமையல் அறிவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்துப் பெண்கள் நோட்டில் எழுதியது இந்தக் கையறிவுக்கு வைத்த அடையாளக் குறிகளைத்தான்.

அளவு

'எலுமிச்சங்காய் அளவு' என்பது உத்தேசமாகச் சொன்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. புளிக்கு எலுமிச்சங்காய், நெல்லிக்காய். வெண்ணெய்க்குக் கொட்டைப்பாக்கு. பெருங்காயத்துக்குச் சுண்டைக்காய், மிளகு. மருந்துச் சாமானுக்குக் குன்றிமணி. இஞ்சிக்கு விரற்கடை. பொடிக்குச் சிட்டிகை, கீரைக்குக் கைப்பிடி. ஒரே குறிப்பில் எலுமிச்சங்காயும் நெல்லிக்காயும் வந்தால் இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் செய்தி. உங்கள் ஊர் எலுமிச்சை கொஞ்சம் பெரிசாக இருந்தால் பரவாயில்லை.

படி, பலம் வந்தால் கணக்குப் போட்டுவிடலாம். முகத்தலில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அதாவது ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. நிறுத்தலில் பலம் என்பது 3 தோலா, கிட்டத்தட்ட 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை. ஆகவே வீசை என்பது ஏறக்குறைய 1.4 கிலோ. நம் அதிரசத்தின் அரை வீசை வெல்லம் 700 கிராம் ஆகிறது. படிதான் வம்பு. ஊருக்கு ஊர் படி மாறும். பெரிய படி, சின்னப் படி என்று இரண்டு இருந்த ஊர்களும் உண்டு. அந்த வீட்டுப் படியே கையில் இருந்தால் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த நோட்டிலுள்ள மற்றக் குறிப்புகளோடு ஒப்பிட்டு விகிதத்தைப் பிடிக்க வேண்டும்.

'அரையணாவுக்குக் கொத்தமல்லி' என்று எழுதியிருந்தால் கை கழுவிவிடுங்கள். அன்றைய விலை தெரியாமல் அதை மாற்ற வழியில்லை.

சரி, உப்பு? 'திட்டமாக', 'அளவாக', 'வேண்டிய மட்டும்' என்றுதான் இருக்கும். அவர்கள் போட்டது கல் உப்பு. அது கடைக்குக் கடை கரிப்பு மாறும், மழைக்காலத்தில் நீர்த்துப்போகும். அதற்கு எண் கொடுத்தால்தான் தப்பு.

பதம்

கடிகாரம் அடுப்படிக்கு வராத காலத்தில் நேரத்தைச் சொன்னவை கண்ணும் மூக்கும் காதும் விரலும். பொன்னிறமாக, கண்ணாடி போல வதங்க, எண்ணெய் பிரிந்து வர: இவை கண்ணுக்கு. பச்சை வாசனை போக, மணம் வந்ததும்: மூக்குக்கு. கடுகு வெடித்ததும், சடசடப்பு அடங்கியதும்: காதுக்கு. வடையோ அப்பளமோ எண்ணெயில் போட்டதும் எழுகிற சத்தம் ஈரம் வெளியேறுகிற சத்தம்; அது அடங்கினால் உள்ளே ஈரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதைக் காதால் பிடித்திருக்கிறார்கள். களி வெந்ததா என்று பார்க்கக் கையை நனைத்துத் தொடுவார்கள், ஒட்டக் கூடாது. பாகுக்கு மட்டுமே கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று ஒரு ஏணி இருக்கிறது. இந்தப் பதங்களுக்கு ஒரு வசதி உண்டு. விறகு நனைந்திருந்தாலும், பாத்திரம் கனமாக இருந்தாலும், இரண்டு ஆளுக்குச் செய்தாலும் இருபது ஆளுக்குச் செய்தாலும் பதம் மாறாது. நிமிஷம் மாறும்.

வினைச்சொல்லுக்குள் கருவியும் இருக்கும். 'அரைத்து' என்றால் அம்மி. 'ஆட்டி' என்றால் ஆட்டுக்கல். 'இடித்து' என்றால் உரல், உலக்கை. 'திரித்து' என்றால் திருகை. 'அரிந்து' என்றால் அரிவாள்மணை. ஆகவே மைய அரைப்பதும் கரகரப்பாக அரைப்பதும் ஒன்றிரண்டாக உடைப்பதும் தனித்தனி வேலைகள். மிக்ஸி வந்தபிறகு எல்லாம் 'மிக்ஸியில் போட்டு அடித்து' ஆகிவிட்டது. பழைய குறிப்பைச் செய்துபார்த்து ருசி வரவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் முதலில் இந்த வினையைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். திரித்த மாவும் இடித்த மாவும் ஒன்றில்லை.

'போடவும்' யாருடைய குரல்?

மேலே விட்ட இடத்துக்கு வருகிறேன். எந்தப் பாட்டியும் வாயால் 'இரண்டு தேக்கரண்டி போடவும்' என்று சொன்னதில்லை. "போடும்மா", "போடுடீ", "போட்டுக்கோ" என்பாள். 'வும்' என்று முடிவது கடிதத்தின் நடை, தந்தியின் நடை, அறிவிப்புப் பலகையின் நடை. 'உடனே புறப்பட்டு வரவும்.' பேனாவை எடுத்ததும் அவளுக்கும் அந்த மிடுக்கு வந்துவிடுகிறது. யாரையும் விளிக்காத, மரியாதைக் குறைவும் இல்லாத வசதியான வடிவம். மாமியார் மருமகளுக்கு எழுதினாலும், மருமகள் மாமியார் சொல்லச் சொல்ல எழுதினாலும் அது பொருந்தும்.

ஆனால் பக்கம் முழுக்க அந்த மிடுக்கு நிற்பதில்லை. அவசரத்திலோ பாசத்திலோ வழுக்கும். "அப்புறம் மூடி வச்சிரு." "ரொம்பக் கிண்டாதே." இந்த வழுக்கல்கள்தான் தங்கம். அங்கே குறிப்பு யாருக்காக எழுதப்பட்டது என்பது வெளிப்படுகிறது, எழுதியவள் பேசிய தமிழும் கேட்கிறது. தயவுசெய்து இவற்றை 'மூடி வைத்துவிடவும்' என்று திருத்தாதீர்கள்.

இன்னொன்று, தமிழ் வாக்கியமே சமையலுக்குத் தோதானது. 'வறுத்து, இடித்து, சலித்து, கரைத்து, கொதிக்கவிட்டு இறக்கவும்.' ஐந்து வினையெச்சம், ஒரே ஒரு முற்று. எது முன்னால் எது பின்னால் என்பது வரிசையிலேயே இருக்கிறது. 1, 2, 3 என்று எண் போடத் தேவையே இல்லை. அடுப்பிலிருந்து இறக்கும்வரை வாக்கியமும் முடிவதில்லை.

இங்கிலாந்துப் பெண்களும் இப்படித்தான்

பெண்கள் எழுதிய பழைய சமையல் குறிப்புகளின் மொழியை ஆராய்வது என்பது ஆங்கிலத்தில் நன்றாக வளர்ந்த துறை. 17, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் குடும்பப் பெண்களின் கையெழுத்து நோட்டுகள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றிலும் தலைப்பில் ஆள் பெயர் வரும், இன்ன சீமாட்டியின் முறை என்று. வாக்கியம் 'எடுத்துக்கொள்' என்ற ஏவலில் தொடங்கும். வெண்ணெய் வால்நட் பருமன் என்றிருக்கும். இருமல் மருந்தும் பிளம் கேக்கும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கும். சில குறிப்புகளின் கடைசியில், குறிப்பாக மருந்துகளின் கீழே, 'சோதித்துப் பார்த்தது' என்று லத்தீனில் ஒரு முத்திரை வாக்கியம்கூட இருக்கும்.

அச்சுக்கு வந்தபோது நிலைமை மாறியது. ஹன்னா கிளாஸ் 1747-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு பெண்மணி' என்று மட்டும் இருந்தது. எலைசா ஆக்டன் 1845-இல் சாமான்களையும் அளவையும் நேரத்தையும் ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் தொகுத்துக் கொடுத்தார். 1861-இல் வந்த பீட்டன் அம்மையாரின் புத்தகத்தில் சாமான் பட்டியல் குறிப்பின் தலைக்கு ஏறிவிட்டது. 1896-இல் அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் கரண்டியைக் கத்தியால் வழித்துச் சமமாக அளக்கச் சொன்னார். இன்று நாம் 'குறிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று நினைக்கிற வடிவத்துக்கு வயது இவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருத்தி, பக்கத்தில் மாமியோ அம்மாவோ இல்லாத அடுப்படியில் நின்று படிப்பாள் என்ற நிலை வந்தபிறகு பிறந்த வடிவம் அது. நம் ஊர் அச்சுப் புத்தகங்களும் அதே காரணத்துக்காகத்தான் விரித்து எழுதத் தொடங்கின.

சொல்லில் ஊரும் வீடும் தெரியும்

நோட்டில் 'மல்லி' என்றிருந்தால் நம் பக்கம். 'தனியா' என்றிருந்தால் வேறு வீடு அல்லது வேறு ஊர். மதுரையில் மிளகாய் வத்தல் என்பதைச் சென்னையில் காய்ந்த மிளகாய் என்பார்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் வரமிளகாய். ரசத்துக்குச் 'சாத்தமுது', பொரியலுக்குக் 'கறியமுது' என்று வந்தால் ஐயங்கார் வீடு. குழம்புக்கு 'ஆணம்' என்று வந்தால் முஸ்லிம் வீடு. மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வெளியில் தமிழ் எழுதுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் நோட்டில் தமிழ் வாக்கியத்துக்கு நடுவே பலகாரத்தின் பெயர் மட்டும் வேறு மொழியில் நிற்கலாம். எழுத்துப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு சொற்களில் கண்டிப்பாகக் கவனம் வேண்டும். ஒன்று 'கறி'. மதுரைக்காரர் காதில் கறி என்றால் ஆட்டுக்கறிதான். ஆனால் சைவ வீட்டு நோட்டில் 'கறி' என்பது வாழைக்காயோ சேனையோ வதக்கியது. இன்னொன்று 'சர்க்கரை'. நம் பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி. சில பழைய குறிப்புகளில் அஸ்கா. ஆகவே பழைய நோட்டில் வெறும் 'சர்க்கரை' என்றிருந்தால் அது வெல்லத் தூளாகவோ நாட்டுச் சர்க்கரையாகவோ இருக்கலாம். சர்க்கரைப் பொங்கலில் நாம் போடுவது வெல்லம்தானே.

மருந்துக் குறிப்புகளும் கலந்தே இருக்கும். பத்தியக் குழம்பு, தீபாவளி லேகியம், பிள்ளை பெற்றவளுக்கான மருந்து. மொழிக்காக இவற்றைப் படிக்கலாம். குன்றிமணி அளவு என்று போட்டிருப்பதை நம்பி அப்படியே கிளறிச் சாப்பிட வேண்டாம். நாட்டு மருந்தில் பெயர் மாறினால் செடியே மாறிவிடும்.

உங்கள் வீட்டு நோட்டு

முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், காலிப் பக்கம், கணக்குப் பக்கம் உட்பட. பிறகு எழுத்துப்பிழையைத் திருத்தாமல் அப்படியே படியெடுங்கள். 'வெங்காயத்தை அருஞ்சு' என்றிருந்தால் 'அருஞ்சு' என்றே இருக்கட்டும். மசாலாக் கறை படிந்த பக்கம் அதிகம் புழங்கிய பக்கம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேனா மை மாறுகிறதா, கையெழுத்து மாறுகிறதா என்றும் பாருங்கள். அடித்துத் திருத்திய அளவுகள் இருந்தால் பழையது, புதியது இரண்டையும் எழுதுங்கள். செய்துபார்த்துவிட்டுத் திருத்தியது அது.

எழுதியவரோ அவரோடு சமைத்தவரோ இருந்தால் கேள்வி கேட்பதைவிடச் செய்யச் சொல்லிப் பார்ப்பது நல்லது. "எவ்வளவு உப்பு போடுவீங்க ஆச்சி?" என்றால் "கைக்குத் தெரியும்" என்பார்கள். அவர் கைப்பிடியில் அள்ளியதும் ஒரு நொடி நிறுத்தி, தராசுத் தட்டில் போடச் சொல்லி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

காலம் கணிக்கச் சில தடயங்கள் உண்டு. எடைகளுக்கான மெட்ரிக் சட்டம் 1956-இல் வந்து, 1958 தொடங்கிப் படிப்படியாக அமலானது. ஆகவே கிராம், கிலோ வருகிற குறிப்பு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஆனால் பலம், படி வருகிறது என்பதால் முந்தியது என்று சொல்லிவிட முடியாது. சட்டம் வந்தபிறகும் வீடுகளில் பழைய அளவு வெகுகாலம் ஓடியது. 'மூன்று விசில்' என்றிருந்தால் குக்கர் வந்துவிட்டது.

இதற்கெல்லாம் மேலாக மளிகைச் சிட்டையைத் தேடுங்கள். கீழமாசி வீதிக் கடைக்கு எழுதிக் கொடுத்த சாமான் பட்டியல் நோட்டுக்குள் மடிந்து கிடக்கும், அல்லது குறிப்புக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருக்கும். விலை அணாவில் இருந்தால் அது அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.' என்று நயா பைசா வந்தால் பெரும்பாலும் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். அதைவிட முக்கியம், குறிப்பில் 'வேண்டிய மட்டும்' என்று விட்ட எண்ணெயும் நெய்யும் ஏலக்காயும் சிட்டையில் அளவோடு இருக்கும். தீபாவளி மாதச் சிட்டையையும் சாதாரண மாதச் சிட்டையையும் ஒப்பிட்டுக் கழித்தால், அந்த வருஷம் பலகாரத்துக்கு எவ்வளவு எண்ணெய் போனது, எத்தனை வீசை வெல்லம் வாங்கினார்கள் என்பது வரை தெரிந்துவிடும்.